பழைய கேம் ஓடுமா?

2017 ஜூன் மாதம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலைப் பற்றி, அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டியைப் பற்றி, இரண்டு கணக்குகள் புழங்கின. ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பத் தளம் லட்சக்கணக்கான பயனர்களின் நேரத்தைத் திரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது: கன்சோலில் செலவாகும் நேரத்தில் 1.5 சதவீதம்தான் அதற்கு முந்தைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இன் பழைய கேம்களுக்குப் போகிறது. அதே சமயத்தில் மைக்ரோசாஃப்ட் வேறொரு கணக்கைச் சொன்னது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பழைய கேம் ஏதாவது ஒன்றை அதில் ஆடியிருக்கிறார்கள், மொத்தமாக 50 கோடி மணி நேரத்துக்கும் மேல்.

இரண்டில் ஒன்று பொய் என்று பலர் சண்டை போட்டார்கள். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். பாதிப் பேர் எப்போதாவது சில மாலைகள் மட்டும் பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போக முடியும். புதிய கன்சோலில் பழைய கேம் ஓடுவது வாங்குகிறவர்களுக்கு முக்கியமா என்ற கேள்வி இருபது வருடமாகத் தீராமல் இழுத்துக்கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுதான். கம்பெனிகள் நிமிடங்களை எண்ணுகின்றன. வாங்குகிறவர்கள் எண்ணுவது வேறு எதையோ.

கார் வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் ஐந்து வருடத்தில் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கெடுத்து, 'யாரும் பயன்படுத்தவில்லையே, எடுத்துவிடலாம்' என்று ஒரு கார் கம்பெனி சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? கன்சோல் கம்பெனிகள் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லிவந்தன. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், பழைய கேம் ஆடுகிறவர்கள் 5 சதவீதம் பேர்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் சொன்னார். பின்னோக்கிப் பார்க்கிற கன்சோல் உண்மையிலேயே பின்தங்கியதுதான் என்று, ஆங்கிலத்தின் 'பேக்வர்ட்' என்ற சொல்லை வைத்து ஒரு சிலேடையையும் சேர்த்துவிட்டார். 2017-இல் சோனியின் ஜிம் ரயன் டைம் பத்திரிகையிடம், இது நிறையப் பேர் கேட்கிற வசதி, ஆனால் அதிகம் பயன்படுத்தாத வசதி என்றார். பழைய பிளேஸ்டேஷன் கேம்களைப் பார்த்தால் அரதப் பழசாகத் தெரிகின்றன, இதை யார் ஆடுவார்கள் என்றும் கேட்டார். இரண்டு பேச்சும் இன்றுவரை அவர்களை விடாமல் துரத்துகின்றன. இத்தனைக்கும் அவர்கள் சொன்ன கணக்கில் பெரிய தப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, சந்தை என்ன சொல்கிறது? எல்லோரும் முதலில் காட்டும் சாட்சி சோனியின் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ்2. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்தபோது அதற்கென்று இருந்த கேம்கள் சுமார்தான். ஆனால் முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகள் அப்படியே ஓடின. செய்த வழி எளிமையானது: பழைய கன்சோலின் பிராசசரையே உள்ளே வைத்துவிட்டார்கள். புதிய கேம் ஓடும்போது அது கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்றவற்றைக் கவனிக்கும் எடுபிடி வேலை செய்யும். பழைய டிஸ்க்கைப் போட்டால் மறுபடி முதலாளி ஆகிவிடும். டிவிடி படமும் பார்க்கலாம், கையில் இருக்கிற கேமும் ஓடும், புதுசு மெதுவாக வரட்டும் என்று மக்கள் வாங்கினார்கள். 15 கோடிக்கும் மேல் விற்று, வரலாற்றிலேயே அதிகம் விற்ற கன்சோல் ஆனது.

அதே நம்பிக்கையோடு சோனி பிளேஸ்டேஷன் 3-இலும் பிஎஸ்2-வின் முக்கிய சிப்களைத் தூக்கி உள்ளே வைத்தது. 2006 நவம்பரில் அமெரிக்காவில் அதன் விலை 499 டாலரும் 599 டாலரும். ப்ளூ-ரே டிஸ்க் டிரைவும் 'செல்' என்ற புதுவகை பிராசசரும் ஏற்கெனவே விலையை ஏற்றி வைத்திருந்தன. சோனி ஒவ்வொரு பெட்டியையும் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க எதை எடுக்கலாம் என்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது பழைய சிப்தான். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் ஒரு சிப் காணாமல் போய், பாதி வேலையை மென்பொருள் செய்தது. அந்த வருடக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் பிஎஸ்2 கேம்களே ஓடவில்லை. விலை இறங்கியது, கூட்டம் வந்தது. கம்பெனிகள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்: பழைய கேமா, குறைந்த விலையா என்று கேட்டால் மக்கள் விலையைத்தான் எடுப்பார்கள். தப்பான பாடம் என்று சொல்ல முடியாது. ஆனால் 2007-இல் பலருடைய வீட்டில் பிஎஸ்2 டிவிக்குக் கீழேயே இருந்தது, இன்னும் நன்றாக ஓடியது. பழைய கேமுக்குப் பழைய பெட்டி இருந்ததால்தான் புதுப் பெட்டியில் அது இல்லாதது அவ்வளவாக வலிக்கவில்லை. இன்றைக்கு அந்த முதல் மாடலைச் சலித்துத் தேடி, நல்ல விலை கொடுத்து செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்ச் சாட்சிகளும் உண்டு. நின்டெண்டோவின் வீ யூ 2012-இல் வந்தது. முந்தைய வீ கன்சோலின் கேம்கள் அனைத்தும் ஏறக்குறைய அப்படியே ஓடின. வீ 10 கோடிக்கு மேல் விற்றிருந்தது, அதாவது அத்தனை வீடுகளில் பழைய கேம்கள் இருந்தன. வீ யூ விற்றதோ 1.36 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடத்தில் வந்த ஸ்விட்ச் வீ யூவின் ஒரு டிஸ்க்கைக்கூட ஏற்காது. டிஸ்க் போட வழியே கிடையாது. அது 15 கோடியைத் தாண்டிப் போனது. 2013-இல் வந்த பிஎஸ்4 பிஎஸ்3 கேம்களை ஓட்டவில்லை. 11 கோடிக்கு மேல் விற்றது. 2015 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 360 கேம்களை ஓட்டத் தொடங்கியது, ரசிகர்கள் கைதட்டினார்கள், பிஎஸ்4-இடம் தோற்றதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

ஆக, பழைய கேம் ஓடுகிறது என்பதற்காக மட்டும் யாரும் கன்சோல் வாங்குவதில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆனால் விவாதம் இங்கேயே முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கன்சோலின் ஆயுளில் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து இந்தக் கேள்வியின் எடை மாறுகிறது. முதல் ஒரு வருடம் எல்லாக் கன்சோலுக்கும் பஞ்ச காலம். புது கேம்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கும். அந்த நேரத்தில் வாங்குகிறவர் கையில் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். மூன்றாவது வருடம் வாங்குகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. 2017-இன் 1.5 சதவீதம் எடுக்கப்பட்டது எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆன பிறகு. ஆடிப் பெருக்குக்கு அப்புறம் போய் ஆற்றில் வெள்ளம் அளந்த மாதிரி.

இன்னொரு விஷயம், 2013-க்கு முன் 'பழைய கேம்' என்றால் ஒரு டிஸ்க். அட்டைப் பெட்டியில் இருக்கும், பரணில் ஏற்றலாம், விற்கலாம், அத்தை பையனுக்குக் கொடுக்கலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் பிஎஸ்4-உம் வந்த தலைமுறையில்தான் பெரும் கூட்டம் கேம்களை இணையக் கடையில் வாங்கப் பழகியது. அங்கே வாங்கியதை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அது ஒரு கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தக் கணக்கு ஒரு கம்பெனியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து வருடத்தில் ஐம்பது கேம் சேர்த்துவிட்ட ஒருவர் அடுத்த கன்சோல் வாங்கும்போது பழைய கேம் ஓடுமா என்று கேட்டால், அவருடைய கேள்வியின் அர்த்தம் 'நான் கொடுத்த பணம் இருக்கிறதா, போய்விட்டதா' என்பதுதான்.

இதை மைக்ரோசாஃப்டே வாய்விட்டுச் சொன்னது. 2023 மே மாதம் ஒரு நேர்காணலில் எக்ஸ்பாக்ஸின் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர், தோற்கக்கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம் என்ற பொருளில் பேசினார். மக்கள் தங்கள் டிஜிட்டல் சேகரிப்பைக் கட்டியது அந்தத் தலைமுறையில்தான், அதை விட்டுவிட்டு இனி எங்கள் பக்கம் வர மாட்டார்கள் என்பது அவர் வருத்தம். பத்து வருடத்துக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் சிரித்துத் தள்ளிய விஷயம் இப்போது தோல்விக்கான காரணமாக வந்து நின்றது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்பென்சரின் அணிதான் பழைய கேம்களுக்காக மற்ற எல்லோரையும்விட அதிகம் உழைத்தது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் நான்கு தலைமுறைக் கேம்களை ஓட்டும், சிலவற்றை முன்பைவிட வேகமாகவும் தெளிவாகவும். ஆனால் அந்த வசதி ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸில் இருப்பவர்களைப் பிடித்து வைத்தது. பிஎஸ்4-இல் சேகரிப்பு வைத்திருந்தவருக்கு அது எதற்கு? அவருக்கு பிஎஸ்5 போதும். 2020-இல் பிஎஸ்5 வந்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஓடும் என்று சோனி அறிவித்தது. யாரும் ஆடுவதில்லை என்ற பேச்சு அப்போது கேட்கவே இல்லை.

தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் 'மனது வைத்தால் செய்யலாம்' என்பதும் முழு உண்மை இல்லை. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் ஒரே குடும்பத்து ஏஎம்டி பிராசசர்கள். அண்ணனுக்குத் தைத்த சட்டை தம்பிக்குக் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் போதும் என்பதுபோல. பிஎஸ்3-இன் செல் பிராசசர் வேறு ஜாதி. முக்கிய வேலைக்கு ஒரு பெரிய கணக்கர், பக்கத்தில் சின்னச் சின்னக் கணக்குப்பிள்ளைகள். கேமை எழுதியவர்கள் எந்த வேலை எந்தக் கணக்குப்பிள்ளைக்கு, எந்த நொடியில் என்றுவரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒழுங்கை வேறொரு பிராசசரில் அப்படியே நடித்துக் காட்ட அசலைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும். பிஎஸ்5-இல் இன்றும் பிஎஸ்3 டிஸ்க் ஓடாததற்குப் பெரிய காரணம் இது.

எக்ஸ்பாக்ஸ் ஒன் செய்தது தந்திரமான வேலை. 360-இன் கேமையும், பழைய கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி இணையத்தில் வைத்தார்கள். டிஸ்க்கைப் போட்டால் கன்சோல் அதிலிருந்து கேமைப் படிப்பதில்லை. டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொட்டலத்தை இறக்கிக்கொள்கிறது. கையில் இருக்கும் டிஸ்க் வெறும் டோக்கன். இந்த வழியில் 600-க்கும் மேற்பட்ட 360 கேம்கள் வந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டாளரின் அனுமதி வேண்டும். பாட்டு உரிமை, கார் கம்பெனி உரிமை, விளையாட்டு வீரர்களின் பெயர் உரிமை என எல்லாம் காலாவதி ஆகியிருக்கும். வெளியிட்ட கம்பெனியே மூடியிருக்கும். 2021 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட கேம்களைச் சேர்த்துவிட்டு மைக்ரோசாஃப்ட் கையை விரித்தது. தொழில்நுட்பம், சட்டம், உரிமம் மூன்றிலும் எல்லைக்கு வந்துவிட்டோம், இனிமேல் இல்லை என்றார்கள்.

ஸ்விட்ச் 2-இலும் கதை இப்படித்தான். பெயரைப் பார்த்தால் அதே குடும்பம் என்று தோன்றும். ஆனால் கிராஃபிக்ஸ் சிப்பின் தலைமுறை மாறிவிட்டதால் பழைய கேம்கள் நேரடியாக ஓடாது. ஓடும்போதே மொழிபெயர்த்துக்கொண்டு போகிறது. இத்தனை சிரமப்பட்டு நின்டெண்டோ இதைச் செய்ததற்கு வீ யூவுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே நடந்தது காரணம் என்று நினைக்கிறேன். வீ யூவில் விட்டுப்போக ஆள் இல்லை. ஸ்விட்சில் 15 கோடிப் பெட்டி. அத்தனை பேரின் சேகரிப்பையும் அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க எந்தக் கம்பெனிக்கும் தைரியம் வராது. 2025 ஜூனில் வெளிவந்து நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. இதில் பழைய கேமின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இல்லாமல் இருந்திருந்தால் என்ன கூச்சல் எழுந்திருக்கும் என்று மட்டும் ஊகிக்கலாம்.

கம்பெனிகள் இதில் தயங்குவதற்கு அவ்வளவாக வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பழையது ஓடவில்லை என்றால் அதையே மறுபடி விற்கலாம். மரியோ கார்ட் 8 வீ யூவில் 2014-இல் வந்தபோது 80 லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே விற்றது. 2017-இல் அதையே சில சேர்க்கைகளோடு டீலக்ஸ் என்று ஸ்விட்சில் போட்டார்கள். ஸ்விட்சிலேயே அதிகம் விற்ற கேம் அதுதான், 6 கோடிக்கும் மேல். வீ யூ டிஸ்க் ஸ்விட்சில் ஓடியிருந்தாலும் இந்த எண்ணிக்கை பெரிதாகக் குறைந்திருக்காது, ஏனென்றால் வீ யூ வாங்கியவர்களே சொற்பம். ஆனால் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ருசி தெரிந்துவிட்டது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிஎஸ்3-க்கு 2013-இல், பிஎஸ்4-க்கு 2014-இல், முழுக்கப் புதிதாக வரைந்து பிஎஸ்5-க்கு 2022-இல். ஜிடிஏ 5-உம் இதே மூன்று படிகளில் ஏறியது. இப்போது கேம் ஓடும், ஆனால் 'புதிய பதிப்பாக' ஓட வேண்டுமென்றால் 10 டாலர் என்ற நடுவழி வந்திருக்கிறது. சோனியும் வாங்குகிறது, நின்டெண்டோவும் வாங்குகிறது. பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுக்கும்போது செய்கூலி மட்டும் கேட்பது மாதிரி என்று வைத்துக்கொண்டால், இது அத்தனை அநியாயம் இல்லை. மூன்று முறை முழு விலை கொடுத்ததைவிட மேல்.

'பழைய கேம்' என்ற சொல்லே இப்போது குழம்பிப்போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம் ரயன் கண்முன் இருந்தது தொண்ணூறுகளின் கேம்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் முரட்டு உருவங்கள். ஆனால் கேம் சந்தையை ஆராயும் நியூஸூ நிறுவனம் 2023-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், பிசியிலும் கன்சோலிலும் ஆடப்பட்ட நேரத்தில் சுமார் 60 சதவீதம் ஆறு வயதோ அதற்கு மேலோ ஆன கேம்களுக்குப் போனது. ஃபோர்ட்நைட் 2017-இல் வந்தது. ஜிடிஏ 5-க்கு அப்போதே பத்து வயது. மைன்கிராஃப்ட் அதற்கும் மூத்தது. இவற்றை யாரும் பழைய கேம் என்று சொல்வதில்லை, நேற்று ஆடினோம், இன்றும் ஆடுகிறோம், அவ்வளவுதான். புதுக் கன்சோலில் இவை இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் 1.5 சதவீதக் கணக்கு எவ்வளவு குறுகலானது என்பது தெரியும். கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 2, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 2017 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நாலரை வருடப் பழைய டிஸ்க், அமேசான் விற்பனைப் பட்டியலில் கிடுகிடுவென்று மேலே வந்தது. ஆட நண்பர்கள் இருந்தால் பழசு பழசாக இருப்பதில்லை.

நம் ஊரில் இருந்து பார்த்தால் இந்தக் கணக்கில் இன்னும் சில வரிகள் சேரும். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அப்போது சோனியின் புதுப் பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய். பெட்டிக்கே வருட போனஸ் போய்விட்ட வீட்டில் முதல் நாளே இரண்டு புது கேம் வாங்குவது லேசில் நடக்காது. கையிலிருக்கும் பிஎஸ்4 டிஸ்க்குகளும், ஆயிரம் ரூபாய்க்குள் செகண்ட் ஹேண்டில் கிடைப்பவையும்தான் முதல் வருடத்தை ஓட்டும். அமெரிக்காவில் உட்கார்ந்து எடுத்த சராசரியில் இந்த வீடு தெரிவதில்லை. சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவிலும் அப்படி ஒரு சின்ன ஓரவஞ்சனை. பிஎஸ்3 கேம்களைச் சோனி தன் சர்வரில் ஓட்டி இணையம் வழியாக அனுப்புகிறது, அது பிரீமியம் சந்தாவில் மட்டும். 2022-இல் இந்தியாவுக்கு வந்தது டீலக்ஸ் என்ற சந்தா. அதில் அந்த வசதி கிடையாது. ஆகவே பிஎஸ்3 கேம் என்றால் இங்கே இன்னும் பழைய பெட்டியைத்தான் துடைத்து எடுக்க வேண்டும்.

துடைத்து எடுத்தாலும் எல்லாம் கிடைக்குமா என்றால், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. நின்டெண்டோவின் வீ யூ, கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் இரண்டின் இணையக் கடைகளும் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. பிஎஸ்3 கடையை மூடப்போவதாகச் சோனி 2021-இல் அறிவித்துவிட்டு, எதிர்ப்பைப் பார்த்துப் பின்வாங்கியது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அந்த மாதம் பிஎஸ்3-ஐ ஆன் செய்தார்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் கடை தப்பித்தது.

2024 நவம்பரில் 699.99 டாலருக்கு பிஎஸ்5 புரோ வந்தபோது பழைய கேம் ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை. ஓடும் என்று தெரியும். ஆனால் பெட்டியில் டிஸ்க் டிரைவ் இல்லை. அலமாரியில் இருக்கும் பிஎஸ்4 டிஸ்க்கைப் போட வேண்டுமென்றால் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி மாட்டி, முதல் முறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் ஓடும்.